நைட் ஷிஃப்டும் நம்ம ஏரியும்

(பழவேற்காடு தெருமுனைக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, ஷேர் பண்ணுங்க.)



‘பாடு’ன்னா என்னன்னு நம்ம ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். ஏரியில யார், எந்த இடத்துல, எப்போ வலை கட்டணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கிற ஏற்பாடு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துலயும் அப்படி ஒரு முறை உண்டு. காலை 6 மணி, மதியம் 2 மணி, ராத்திரி 10 மணி. இன்ஜினியரிங் முடிச்சதும் ஒரு நிலையத்துல ஒப்பந்த டெக்னீஷியனா நான் இந்த மூணு ஷிஃப்டும் பார்த்தவன்.

அங்க அழுக்கைத் தின்றது மெஷின் இல்ல தோழர்களே, பாக்டீரியா. 1914-ல மான்செஸ்டர்ல கண்டுபிடிச்ச முறை. அதுங்களுக்கு மூச்சு விடக் காத்து வேணும், ராத்திரி பகல் பார்க்காம. லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன். புளோயர் ரொம்ப நேரம் நின்னா பழுப்பா இருக்கிற தொட்டி கறுத்துடும், நாத்தம் கிளம்பிடும். அதனால நடுராத்திரி 2 மணிக்கும் ஒருத்தர் முழிச்சிருக்கணும். ஒரு லிட்டர் ஜாடியில தொட்டித் தண்ணியை மொண்டு வெச்சு, 30 நிமிஷம் சேறு எவ்வளவு அடங்குதுன்னு பார்ப்போம். அடங்கலைன்னா அந்தச் சேறு தண்ணியோடவே வெளியே போகும்.

எங்கே போகும்? வடசென்னையில பக்கிங்ஹாம் கால்வாய்ல இறங்குறது எண்ணூர் பக்கம் வருது. அதே கால்வாய்தான் வடக்கே நம்ம ஏரியைத் தொடுது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய் படிஞ்சப்போ எல்லா டிவியும் வந்தது. கழிவுநீருக்கு எந்த கேமராவும் வராது.

நல்லதையும் சொல்லணும். கொடுங்கையூர், கோயம்பேடு ரெண்டு இடத்துலயும் 2019-ல தலா தினம் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏத்த தண்ணியா மாத்துற ஆலை வந்தது. ஆலை வந்தா போதுமா? ஓட்டுறவன் உயிரோட இருக்கணும்ல?

அழுகின முட்டை வாடை அடிச்சா ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினா மூக்கே மரத்துடும், வாடை தெரியாது. ‘போயிடுச்சு’ன்னு நினைச்சு இறங்குறவன் திரும்ப மாட்டான். நான் பார்த்த இடத்துல இருந்தது ஒரே ஒரு கேஸ் மீட்டர். அதுவும் சூப்பர்வைசர் டிராயர்ல. நைட்ல சாவி இருக்காது!

பாதுகாப்புக் கருவி இல்லாம சாக்கடைக்குள்ள ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013-லயே சட்டம் வந்தாச்சு. 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்டை 10 லட்சத்துல இருந்து 30 லட்சமா உயர்த்துச்சு. செத்த பிறகு வர்ற காசு அது. ஷிஃப்டுக்கு நாலு மீட்டர் வாங்க அவ்வளவு ஆகாது.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்கு எல்லாரும் வாங்க. கால்வாய்த் தண்ணியை மாசம் ஒருமுறை சோதிச்சு முடிவை ஊராட்சி அலுவலகத்துல ஒட்டணும், சுத்திகரிப்பு நிலைய ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆளுக்கொரு கேஸ் மீட்டர் தரணும். இந்த ரெண்டையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதி, படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து.