பல் முளைக்கும் முன்னே



நாலு மாதப் பிள்ளை. நேற்றுவரை ஏணையிற் கிடந்து கையைக் காலை அடித்துச் சிரித்தது. இன்று காரணம் இன்னதென்று தெரியாமற் சிணுங்குகின்றது. வீணீர் வடிந்து சட்டை நனைகின்றது. கைப்பிடி முழுவதையும் வாய்க்குள் திணிக்கப் பார்க்கின்றது. அகப்படாவிட்டால் தாயின் தோளைக் கடிக்கின்றது. இதைக் கண்ட அம்மம்மா, "பல்லு முளைக்கப் போகுது, அதுதான்" என்று ஒரே சொல்லில் முடிவு கட்டிவிடுகின்றார். இளந்தாயோ, நாலு மாதத்திற் பல்லா என்று திகைக்கின்றாள். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. இருவர் பேச்சிலும் கவனிக்கவேண்டிய குறையும் உண்டு.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறாம் மாதத்தை அண்டியே முதற்பல் வெளிப்படும். கீழ்த்தாடையின் நடுவில் உள்ள இரண்டு பற்களே பெரும்பாலும் முந்திக்கொள்வன. எனினும் நாலாம் மாதத்திலே பல் காட்டும் பிள்ளையும் உண்டு. ஓராண்டு நிறைந்தும் பொக்கை வாயோடு சிரிக்கும் பிள்ளையும் உண்டு. இரண்டும் இயற்கையே. தாய்க்கோ தந்தைக்கோ முந்திப் பல் வந்திருந்தால் பிள்ளைக்கும் அவ்வாறு வருதல் கூடும். அபூர்வமாகப் பல்லோடு பிறக்கும் பிள்ளைகளும் உளர். பிரான்சு நாட்டை நெடுங்காலம் ஆண்ட பதினான்காம் லூயி மன்னன் 1638ஆம் ஆண்டிற் பிறந்தபோது வாயில் இரண்டு பற்கள் இருந்தனவாம். பிறக்கும்போதே பல் இருந்தாற் குடும்பத்துக்கு ஆகாது, மேற்பல் முந்தினால் மாமனுக்கு ஆகாது என்றெல்லாம் பேசுவது பிள்ளையின் மேற் சுமத்தும் வீண்பழி. அப்படிப் பிறந்த பிள்ளையின் பல் ஆடுகின்றதா, நாக்கின் அடியிற் புண் படுகின்றதா என்பதை வைத்தியரிடம் காட்டுதலே செய்யத்தக்கது. வீட்டில் நூல் கட்டி இழுக்கலாகாது.

இனி, மூன்றாம் நாலாம் மாதங்களில் வீணீர் வடிவதெல்லாம் பல்லின் அறிகுறி அன்று. அந்த வயதிற் பிள்ளையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்கு தொழிற்படத் தொடங்குகின்றன. சுரந்ததை விழுங்கும் பழக்கமோ இன்னும் தேறவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பிள்ளை உலகை அறிந்துகொள்ளும் வழி. ஆதலின், பல் வருகின்றதா என்பதை அறிய விரும்பும் தாய், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரல் நுனியாற் கீழ்முரசை மெல்லத் தடவிப் பார்க்கலாம். முரசு சிவந்து தடித்திருந்தாலோ, சோற்றுப் பருக்கை போல ஒன்று விரலில் தட்டுப்பட்டாலோ, அம்மம்மா சொன்னது சரி.

பிள்ளையை ஆற்றுவதற்கும் அந்த விரலே முதல் மருந்து. முரசின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தித் தேய்த்தால் அழுகை தணிவதைக் காணலாம். சுத்தமான பருத்தித் துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியிற் சற்று நேரம் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். அப்பெட்டி இல்லாத வீட்டில், மண்பானையில் ஆறிக் குளிர்ந்த நீரே போதும். துணியின் ஒரு முனை எப்போதும் தாயின் கையில் இருத்தல் வேண்டும். பனிக்கட்டியாய் உறைந்த பொருளை மட்டும் கொடுக்கவேண்டாம்; அது மெல்லிய முரசைப் புண்ணாக்கும். கடைகளில் விற்கும் றப்பர் வளையம் நல்லதே. ஆனால் அது ஒரே துண்டாய், உள்ளே நீர் நிரப்பப்படாததாய் இருக்கட்டும். அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திற் கட்டலாகாது.

வடியும் வீணீரைத் துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நாடியிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்திருந்தாற் சிறிது வசிலீன் பூசலாம். பால் குடிக்கும்போது பிள்ளை கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டு விரலை அதன் கடைவாயில் நுழைத்து வாயை விடுவியுங்கள். பல் வந்துவிட்டதென்று தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை. ஒழுங்காய்ப் பால் உறிஞ்சும் பிள்ளையின் நாக்குக் கீழ்ப்பல்லை மூடிக்கொண்டிருக்கும். அதுபோல, முந்தி வந்த பல்லைக் கண்டு முந்தியே சோறூட்டத் தொடங்குவதும் தவறு. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும். பல்லுக்கும் குடலுக்கும் ஒரே நாட்காட்டி இல்லை. ரஸ்க் கடிக்கக் கொடுப்பதும் அதன் பின்னரே.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து முதலிய நாடுகளிற் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு வெள்ளைத்தூள் விற்கப்பட்டது. அதை உண்ட பிள்ளைகள் சிலரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிந்தன. உறக்கமின்றி, வெளிச்சத்தைப் பார்க்கப் பொறாது, ஓயாமல் அழுதன, இறந்தனவும் உண்டு. காரணம் விளங்காமல் வைத்தியர்கள் பல ஆண்டுகள் மயங்கினர். 1940களின் இறுதியிலேதான் அத்தூளிற் கலந்திருந்த பாதரசமே நஞ்சாயிற்றென்பது துலங்கியது. 1950களில் தூள் சந்தையை விட்டு அகன்றது. நோயும் கூடவே மறைந்தது. பல் முளைப்பதனாலே வந்த நோவென்று எண்ணி, அந்த நோவுக்கென்றே மேலும் தூள் கொடுத்த தாய்மார் எத்தனை பேரோ!

அந்தத் தூள் போய்விட்டது. அதனை ஒத்த ஆசை போகவில்லை. முரசை மரக்கச் செய்யும் களிம்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றிலுள்ள பென்சோகெயின் என்னும் மருந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடக் கூடியது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனைப் பூசவேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018ஆம் ஆண்டிற் கண்டிப்பாய் அறிவித்தது. தேனைத் தடவுவதும் ஒரு வயதுக்கு முன் ஆகாது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயரிருப்பினும், கோத்த மணி அறுந்து தொண்டையிற் சிக்கினால் அது பிள்ளையை வளர்க்காது. பரசிற்றமோல் வேண்டுமாயின், பிள்ளையின் நிறையைப் பார்த்து அளவு சொல்லும் வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. காய்ச்சலா, பல்லுக்காய்ச்சல், வயிற்றோட்டமா, பல்லு வயிற்றோட்டம் என்று சொல்லிக் காத்திருக்கும் வழக்கந்தான் அது. பல் முளைக்கும்போது உடல் சிறிதே சூடாகலாம். 38 பாகை செல்சியசைத் தாண்டிய காய்ச்சலைப் பல் உண்டாக்குவதில்லை, வயிற்றோட்டத்தையும் உண்டாக்குவதில்லை. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த நோயெதிர்ப்புச் சக்தி குறையும் காலமும், கண்டதெல்லாம் வாய்க்குப் போகும் காலமும், பல் முளைக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. கிருமி செய்த குற்றத்துக்குப் பல் பழி ஏற்கின்றது. நம் நாட்டில் இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில் ஏற்றப்படும் தடுப்பூசியாலும் ஓரிரு நாட் காய்ச்சல் வருவதுண்டு. ஆகவே ஊசி போட்ட தேதியையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், மூச்சு வாங்கினால், உச்சிக்குழி தாழ்ந்திருந்தால், சிறுநீர் குறைந்தால், பல்லைத் தேடிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவென்றும் பாராது செல்லுங்கள். ஐயம் சிறிதாயினும் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேட்க வெட்கம் வேண்டாம்.

இரவு அழுகைக்கு இன்னும் ஒன்று சொல்லலாம். பகலில் விளையாட்டு நோவை மறக்கச் செய்கின்றது. இரவில் மறக்கச் செய்ய ஒன்றுமில்லை. அப்போது தோளிற் சாய்த்து நடப்பதும் தாலாட்டுவதும் மருந்துக்குக் குறைந்தன அல்ல. அதைத் தாய் ஒருத்தியே செய்யவேண்டுமென்ற விதி எங்கும் இல்லை. தகப்பனாருக்கும் தோள் உண்டு.

பல் வெளிப்பட்ட நாளிலிருந்தே அதனை ஈரத்துணியாற் காலையும் இரவும் துடைத்துவாருங்கள். பின்னர் நல்ல நாளொன்றிற் பல்லுக்கொழுக்கட்டை அவியுங்கள். கொழுக்கட்டையிற் பல்லாகப் பதித்த தேங்காய்ச் சொட்டுகள், பிள்ளையின் தலையிற் சொரியும்போது உதிர்ந்து பாயெங்கும் சிதறும். பிள்ளை ஏட்டை எடுக்கின்றதா, எழுதுகோலை எடுக்கின்றதா என்று வீட்டார் எல்லோரும் ஆவலோடு பார்த்திருக்கும் வேளையில், யாராவது ஒருவர் அந்தச் சொட்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடட்டும். முதலில் அவற்றையே பிள்ளை எடுத்து வாயில் வைக்கும்.