மரம் காயும்வரை

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்ப நாள் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஏறினால் நான் கூலியைப் பற்றிப் பேசுவேன், வீட்டைப் பற்றிப் பேசுவேன், சந்தா பாக்கியைப் பற்றிப் பேசி உங்களிடம் ஏச்சும் வாங்குவேன். இன்று அவற்றில் எதையும் நான் பேசப் போவதில்லை. என் குடும்பத்தில் நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மனைவிக்கு வாயிலே புற்றுநோய் வந்தது. கன்னத்தின் உட்புறத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு வாரத்துக்கு 5 நாளாக 30 நாள் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். அது முடிந்து மூன்று மாதம் கழித்து, இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஸ்கேன் படம் எடுத்தார்கள். நோய் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்பதை வருகிற வியாழக்கிழமை சொல்வார்கள். இன்று ஞாயிறு. இடையிலே நான்கு இரவுகள் இருக்கின்றன.

வீட்டு விஷயத்தை மேடையில் சொல்லலாமா என்று புறப்படும்போது அவளிடம் கேட்டேன். வாய் இன்னும் முழுதாகத் திறக்க வராது, மெல்லத்தான் பேசுவாள். “சொல்லுங்க. ஆனா எனக்காக யாரும் அழுவ வேணாம். அவங்கவங்க வாயைத் திறந்து பாத்துக்கச் சொல்லுங்க, அது போதும்” என்றாள். அந்த உத்தரவோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

பெரட்டுக் களத்தில் கற்ற பாடம்

ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு பிறந்த பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டில், 17 வயதில், நான் பால்மரம் வெட்ட வந்தேன். இரவு மழை பெய்திருந்தால் விடியற்காலையில் மரப்பட்டை ஈரமாக இருக்கும். ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் கோட்டுக்குள் நில்லாமல் மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும். ஆகவே பெரட்டு முடிந்தும் எங்களைக் காட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மண்டோர் போய் மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். “இன்னும் காயல” என்பார். மணி ஏழாகும், எட்டாகும். மறுபடியும் போய்த் தொட்டுப் பார்ப்பார். அத்தனை பேர் கண்ணும் அவர் கைமேலேயே இருக்கும். காய்ந்தால் அன்றைக்கு வேலை. காயாவிட்டால் வெறுங் கையோடு வீடு. நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தோழர்களே! இப்போது மருத்துவமனை நடையில், எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மாதிரிதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு தரம் நின்று பிறகு அடிக்கிறது.

“படம் எடுத்தால் உடனே சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இத்தனை நாள் இழுத்தடிப்பு?” என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு தாதியம்மா பொறுமையாக விளக்கினார். கதிர்வீச்சு முடிந்த கையோடு படம் எடுத்தால், உள்ளே இருக்கும் வீக்கமும் ஆறாத புண்ணும் நோயைப் போலவே தெரியுமாம். இல்லாத நோயை இருப்பதாக நினைத்துக் கலங்க நேரிடும். ஆகவே ஏறத்தாழ 12 வாரம் ஆறவிட்டுத்தான் எடுக்கிறார்கள். படம் எடுப்பவர் ஒருவர். அதைப் படித்துச் சொல்லும் நிபுணர் வேறொருவர். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பிறகு அறுவை வைத்தியரும் கதிர்வீச்சு வைத்தியரும் பார்க்க வேண்டும். ஈர மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த நியாயந்தானே! அதைக் கேட்ட பிறகு என் கோபம் தணிந்தது. பயம் மட்டும் தணியவில்லை.

வெற்றிலைப் பை

இனி நான் சொல்லப்போவது சொல்லக் கூச்சமான விஷயம். என் மனைவிக்கு வெற்றிலை போடும் பழக்கம் அவளுடைய பாட்டியிடமிருந்து வந்தது. இருட்டில் எழுந்து, வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிற பெண்களுக்கு, பசி தெரியாமல் இருக்க அந்தப் பொட்டலம் உதவியது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. கன்னத்தில் அடக்கிக்கொண்டால் நிரை முடியும்வரை தாங்கும். சம்பளம் போட்ட மறுநாள் புக்கிட் ரோத்தான் கடைக்குப் போய், மீனும் கறிச்சாமானும் வாங்குவதோடு அவளுக்குப் புகையிலையும் வாங்கி வந்தவன் யார்? நான்தான். முப்பது ஆண்டுகளாக நானே என் கையால் வாங்கிக் கொடுத்தேன். அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கறியில் காரம் குறைந்துகொண்டே வந்தது. “என்ன, மிளகாய் விலை ஏறிப்போச்சா?” என்று நான் கேலி செய்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காரம் பட்டால் கன்னம் எரிந்ததை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. முதலில் வெள்ளையாக ஒரு படை. பிறகு ஆறாத ஒரு புண். சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று தேன் தடவினாள். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரே மேசையில் சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. இதை நான் இனி எத்தனை நாள் இருந்தாலும் மறக்க மாட்டேன்.

இது என் வீட்டுக்கு மட்டும் வந்த விதியா? இல்லை. 1993-94-இல் இந்நாட்டில் 11,697 பெரியவர்களின் வாயைத் திறந்து பல் வைத்தியர்கள் சோதித்தார்கள். புற்றாக மாறக்கூடிய படைகள் அதிகமாகக் காணப்பட்டது நம் இந்தியர்களிடத்தில்தான். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் அது சொல்லிவிட்டது. ஆகவே, “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்” என்று தேற்றிக்கொள்ளும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நம் பழக்கத்தை நான் பழிக்கவில்லை. கல்யாணத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், அது மரியாதை. அதை நாள் முழுதும் கன்னத்தில் குடிவைப்பதுதான் ஆபத்து.

அன்று இல்லாதது இன்று இருக்கிறது

புற்றுநோய் என்றாலே சாவு என்று நம்மவர்கள் பேசுகிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மனத்தில் வைத்திருந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார் 2021-இல் காலமாகும்வரை அந்த மருத்துவமனையே வாழ்வாக இருந்தார். சாவு நிச்சயம் என்று அவர்களும் கைகட்டி இருந்திருந்தால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் விளக்கணைந்து போயிருக்கும்!

அறிஞர் அண்ணாவை நினைத்துப் பாருங்கள். உணவுக்குழாயில் புற்று என்று 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அவருக்கு அறுவை செய்தார்கள். நவம்பரில் ஊர் திரும்பினார். நாடே மகிழ்ந்தது. ஆனால் நோய் விடவில்லை. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், 59 வயதில், மறைந்தார். அந்தச் சில மாதங்கள் இராணி அம்மையார் எப்படிக் காத்திருந்திருப்பார் என்று இப்போதுதான் நான் எண்ணிப் பார்க்கிறேன். உடம்பைத் துண்டு துண்டாகப் பார்த்துச் சொல்லும் இந்த ஸ்கேன் இயந்திரம் அன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லை. நாய் படம் போட்ட இசைத்தட்டு நம் வீடுகளில் சுழன்றதே, அந்தத் தட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர்தான் அதைச் செய்தார். 1971-இல் இலண்டனில் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தார்கள். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல்மந்திரிக்கு அன்று கிடைக்காத வசதி, செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கிய ஒரு பெண்ணுக்கு இன்று அரசாங்க மருத்துவமனையில் கிடைக்கிறது. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

துணைக்குப் போகிறவனுக்கு நாள் எங்கே?

நன்றி சொன்ன வாயால் குறையையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூருக்கு 30 நாள் கதிர்வீச்சு. நமக்கோ விடியற்காலையில் வண்டி பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். முகத்தில் வலை போன்ற மூடியைப் போட்டு, தலை அசையாமல் மேசையோடு பிணைத்து, கதிர் பாய்ச்சுகிறார்கள். தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காது. அந்த நிலையில் அவளைத் தனியே பஸ் ஏற்றி அனுப்ப முடியுமா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குமேல் வேலை செய்த தொழிலாளி தனக்கு நோய் வந்தால் ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு இருக்கலாம். மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். ஆனால் மனைவியை அழைத்துப் போகிற கணவனுக்கு, கணவனை அழைத்துப் போகிற மனைவிக்கு, அந்தச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. என் ஆண்டு விடுப்பு 16 நாளையும் கொடுத்தேன். மீதி 14 நாளில் என் மகள் சில நாள் போனாள். மற்ற நாள்களுக்கு என் கூலி போயிற்று. குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு 7 நாள் என்று 2023-ஆம் ஆண்டு முதல் சட்டம் கொடுத்திருக்கிறது. தொட்டில் ஆட்ட நாள் தந்த சட்டம், நோயாளியின் கையைப் பிடிக்கவும் நாள் தர வேண்டும். அடுத்த கூட்டுப் பேரத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று நம் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இருக்கிற உதவிகளையாவது தெரிந்துகொள்ளுங்கள். சேமநிதியிலிருந்து கணவன் அல்லது மனைவியின் புற்றுநோய்ச் செலவுக்குப் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை விடாமல் முடிப்பவருக்கு 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் என்று வைத்தார்கள். எனக்கு இது பாதிச் சிகிச்சைக்குப் பிறகுதான் தெரிந்தது. சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவமனைச் சமூகநல அதிகாரியிடம் கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். நான் நிரப்பித் தருகிறேன்.

காத்திருப்பவருக்குச் சில வார்த்தைகள்

நோயாளி வீட்டுக்குப் போகிறவர்களே! “இன்னாருக்கும் இப்படித்தான் வந்தது, ஆறு மாதத்தில் போய்விட்டார்” என்று கதை சொல்லாதீர்கள். “கத்தி பட்டால் பரவும்” என்று சொல்லிச் சிகிச்சையைத் தடுக்காதீர்கள். அது வெறும் பயம். “ஒண்ணும் ஆவாது” என்றும் அடித்துச் சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது. ஒரு சட்டி கஞ்சி காய்ச்சிக் கொண்டு போங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள். ஈஜோக்கில் இருக்கும் ஒரு தோழர் ஐந்து நாள் தம் வேனில் எங்களை ஏற்றிப் போய், எண்ணெய்க் காசும் வாங்காமல் விட்டார். அவர் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

துணையாக இருப்பவர்களே! வைத்தியரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடும். தவணை நாளைத் தவறவிடாதீர்கள். இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும் என்கிறார்கள். அதனால்தான் அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். “படம் நல்லா இருக்கு” என்று ஒரு தரம் கேட்டுவிட்டு அடுத்த தவணைக்குப் போகாமல் இருப்பது தவறு. வாய் இறுகாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்த தாடைப் பயிற்சியைச் செய்ய வையுங்கள். என் மனைவி காலையும் மாலையும் செய்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து என் வாயையும் திறந்து மூடுகிறேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கும் சிரிப்பு வருகிறது, அது நல்லதுதானே!

தோழர்களே! வியாழக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு நாங்கள் புறப்படுகிறோம். மரம் காய்ந்ததென்று சொல்வார்களா, காயவில்லை என்று சொல்வார்களா, எனக்குத் தெரியாது. காய்ந்திருந்தால் அடுத்த தவணைத் தேதியை வாங்கிக்கொண்டு வருவோம். காயாவிட்டால், அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டு வருவோம். இரண்டில் எது என்றாலும் போகும்போது இரண்டு பேர். வரும்போதும் இரண்டு பேர். அவள் கையை நான் விடப்போவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்றிரவு கையைக் கழுவிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கன்னத்தை இழுத்துப் பாருங்கள். நாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், கட்டி, எரிச்சல் எது இருந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவமனைக்குப் போங்கள். தேன் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கணவன்மார்களே, வீட்டுக் கறியில் காரம் குறைந்தால் கேலி செய்யாதீர்கள். என்ன என்று கேளுங்கள்.

என் மனைவி சொல்லி அனுப்பியதைச் சொல்லிவிட்டேன்.