பயிற்சி, யாருடைய தயவும் அல்ல



என் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான். ஆய்வில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, எங்கள் துறையிலிருந்து சிலர் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்ததைப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அறிவிப்பு பலகைக்கே வரவில்லை. நெறியாளரிடம் கேட்டேன். "உனக்கெதுக்குப்பா அதெல்லாம், முதல்ல ஆய்வேட்டை முடி" என்றார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வாளர் எல்லோரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல், ஆய்வு உதவிப் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. நடப்பது என்ன? ஒருவருக்கு வகுப்பெடுக்க வாய்ப்பு, இன்னொருவருக்குக் கருத்தரங்கில் நாற்காலி போடும் வேலை. பிறகு அதே கூட்டம் நேர்காணலில் உட்கார்ந்து, "அனுபவம் இல்லை, தகுதி இல்லை" என்கிறது. தகுதியை இப்படித்தான் தயாரிக்கிறார்கள்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா சென்றார். அது ஒரு மன்னரின் மனம். மன்னர்களின் மனத்தை நம்பி நாம் இருக்க முடியாது. நம் கையில் விதி இருக்கிறது.

ஒவ்வொரு பயிற்சி அறிவிப்பும் பலகைக்கு வரட்டும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்பதும் வரட்டும். பயணச் செலவை முன்பணமாகத் தரட்டும். நாளைக்கே உங்கள் துறைத்தலைவரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். தனியாக அல்ல, சேர்ந்து கையெழுத்திட்டு.

ஜெய்பீம்.