நாடி சொன்னதும் ரத்தம் சொன்னதும்

அரக்கோணத்துல எங்க ஆயாவுக்கு சிஓபிடி. பீடி சிகரெட் எதுவும் இல்லை, 40 வருஷ விறகடுப்புப் புகை. சித்த வைத்தியர் நாடி பிடிச்சு, "ஐயம் மிஞ்சியிருக்கு"ன்னார். நுரையீரல் டாக்டர் குழாய்ல ஊதச் சொல்லிட்டு, ரத்தத்துல ஈசினோஃபில் எண்ணினார். மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தாண்டினா ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் உதவ வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழன்னா ரொம்பக் குறைவு. ஆயாவுக்கு 340.

யோசிச்சா, ரெண்டு பேரும் செய்றது வகை பிரிக்கிறதுதான். சீனாவுல அவங்க மரபு வகைகளை இந்த மாதிரி ரத்தக் குறியீடுகளோட பொருத்திப் பார்க்கிறாங்க. ஆனா என் டெஸ்டிங் புத்தி கேட்கிறது வேற: ரெண்டு வைத்தியர் தனித்தனியா அதே கையைப் பிடிச்சா, ரெண்டு பேரும் "ஐயம்"னு சொல்வாங்களா? அது தெரியாம பொருத்தி என்ன பிரயோஜனம்? தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒரே ஏரியாவுலதான் இருக்கு. அங்கேயே சோதிக்கலாமே!

ஆயா சூரணம் சாப்பிடுறாங்க, டாக்டருக்கும் சொல்லியாச்சு. இன்ஹேலரை நிறுத்துறேன்னு சொன்னப்பதான் வீட்ல பெரிய சண்டை.