வேர்கள் தாங்கும் சுவர்கள்

அந்தமானில், அபர்தீன் படகுத்துறையில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ராஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு காலைப் பொழுதில் நடந்தே சுற்றிவிடலாம். தென்னை நிழலில் போகும் பாதையில் புள்ளிமான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும்.

கொஞ்சம் உள்ளே போனால் பழைய தேவாலயம். கூரை இல்லை. ஆலமர இனத்து வேர்கள் செங்கல் சுவரைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. சன்னல் வளைவை மரம் தாங்குகிறதா, மரத்தைச் சுவர் தாங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நடன அரங்கு, ரொட்டி சுடும் அடுமனை, நீச்சல் குளம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் சொகுசாக வாழ்ந்த தலைமையிடம் இது. 'கிழக்கின் பாரீஸ்' என்றார்கள். ஆனால் காட்டை வெட்டி இந்த இடத்தை உருவாக்கிய கைகள் யாருடையவை? 1857 எழுச்சிக்குப் பின் 1858 மார்ச்சில் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்த கைதிகளும்தான். பயணிகள் அவர்களை ஒரு நிமிடமாவது நினைக்க வேண்டும்.

1941 ஜூனில் பெரும் நிலநடுக்கம், கட்டடங்கள் விரிசல் விட்டன. மறு ஆண்டு ஜப்பானியப் படை வந்தது. அவர்கள் கட்டிய பதுங்கு குழிகள் இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன.