மின்வாய்: மின்சாரத்தின் வாயிற்படி

(கண்டியில் இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மழைக்கால இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் நமது கை முதலில் தேடுவது டோர்ச் லைற்றை. பொத்தானை அமுக்குகிறோம், ஒளி வருகிறது. எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்போம்.

உலோகக் கம்பியில் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை இலத்திரன்கள். உப்புக் கரைசலிலோ மின்னேற்றம் பெற்ற அயன்களே அந்தச் சுமையைத் தூக்குகின்றன. ஆகவே கம்பியும் கரைசலும் சந்திக்குமிடத்தில் சுமை கைமாற வேண்டும். அவ்வாறு கைமாறும் இடமே மின்வாய். மைக்கல் பரடே 1834இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர், 'மின்னின் வழி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. நம் தமிழோ 'வாய்' என்றது. வாய் என்பது வாயிலுமாகும். இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

ஒரு வாயில் மட்டும் போதாது. இலத்திரன்கள் இழக்கப்படும் வாய் அனோட்டு. அவை ஏற்கப்படும் வாய் கதோட்டு. சாதாரண நாகக் கரிப் பற்றரியின் கூடு நாகத்தால் ஆனது. நடுவே ஒரு கரிக்கோல் நிற்கும். பொத்தானை அமுக்கியதும் நாகம் இலத்திரன்களைக் கைவிட்டுக் கரைகிறது. அவை மின்குமிழின் வழியே சென்று கரிக்கோலை அடைய, அதைச் சூழ்ந்துள்ள மங்கனீசீரொட்சைட்டு அவற்றை ஏற்கிறது. விளக்கு எரிய நாகம் தேய்கிறது. பழைய பற்றரி ஒழுகி டோர்ச்சைக் கெடுப்பதும் அந்தக் கூடு அரிக்கப்படுவதாலேயே.

வைத்தியசாலையில் இருதயத்தைப் பரிசோதிக்க மார்பில் 6, கைகால்களில் 4 என மின்வாய்களை வைக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சப் போகிறார்கள் என்று முதியோர் சிலர் அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டாம். அவை நம் உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. இருதயம் துடிக்கையில் எழும் நுண்ணிய மின்னை எடுத்துச் சொல்கின்றன, அவ்வளவே. இருதய மின்பதிவின் இயங்குமுறையைக் கண்டறிந்தமைக்காக 1924இல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன் காலத்தில், நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். அத்தொட்டிகளே அன்றைய மின்வாய்கள்!

காப்புக்கு முலாம் பூசுமிடத்தில் காப்பே கதோட்டு. இரும்பை ஒட்டும் வெல்டிங் குச்சியும் மின்வாய்தான். அடுப்படி அலுமினியச் சட்டியின் உலோகமும் கரி மின்வாய்களின் உதவியாற் பிரித்தெடுக்கப்பட்டதே.

இனி நம் வீட்டு விடயத்துக்கு வருவோம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் கேகாலை மாவட்டம். அங்கே போகலவில் காரீயச் சுரங்கம் உண்டு. குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவில் இன்னொன்று. பாறையின் வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் இலங்கைக் காரீயம், தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது. இன்று கைத்தொலைபேசியிலுள்ள இலிதியம் பற்றரியின் ஒரு மின்வாய் பெரும்பாலும் காரீயமே. நம் நாட்டுக் காரீயத்தை அதற்கேற்பப் பதப்படுத்தும் ஆராய்ச்சி, இதோ நம் கண்ணெதிரே தெரியும் ஹந்தானை மலையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நடந்திருக்கிறது. ஆயினும் காரீயத்தைப் பெரும்பாலும் பிறநாட்டாருக்கு விற்றுவிட்டு, அவர்கள் செய்த பற்றரியை விலைகொடுத்து வாங்குகிறோம். பொருள் நம்மிடம் இருந்தும் வித்தை நம்மிடம் போதாமையே இதன் காரணங்களுள் ஒன்று.

ஆதலால் இளைஞர்களே, நாம் இன்றே தொடங்கலாம். இரு பென்சில்களை இருமுனையும் சீவுங்கள். நான்கு டோர்ச் பற்றரிகளைத் தொடராக இணைத்து, கம்பிகளைப் பென்சில்களின் மேல்முனைகளிற் பொருத்துங்கள். கீழ்முனைகளை அப்பச்சோடா கரைத்த நீரில், ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்துங்கள். எதிர் முனையோடு இணைந்த பென்சிலில் ஐதரசன் குமிழிகள் மிகுதியாக எழும்; மற்றதில் ஒட்சிசன். கறியுப்பைப் போடாதீர்கள், நச்சுக் குளோரீன் பிறக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பை அண்டவிடாதீர்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு விஞ்ஞானப் பிரிவிற் படிக்கும் வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை. நம் மன்றத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் சில கண்ணாடிக் குவளைகளும் வைத்தால், சனிக்கிழமை தோறும் அவர்களை அழைத்து இத்தகைய சோதனைகளைக் காட்டலாம். பெருஞ்செலவில்லை, மனமே வேண்டும். பழைய பற்றரிகளை அடுப்பிலும் ஓடையிலும் எறியாமல் சேர்த்து ஒப்படைக்கும் பழக்கத்தையும் அங்கேயே ஊட்டலாம்.

கம்பிக்கும் கரைசலுக்கும் இடையே மின்வாய் நிற்பதுபோல, கல்விக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் இடையே நமது மன்றம் நிற்கட்டும்.