பயனாளியும் குடிமகனும்: கென் லோச்சின் திரைப்படங்கள்



ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை எழுதுகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: துயரத்தைச் சொல்லிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பார்ப்பவர் கண் கலங்குவார், வீட்டுக்குப் போய்விடுவார். பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர். ஓர் எலெக்ட்ரீஷியனின் மகன். அவருடைய மூன்று படங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1966 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ‘கேத்தி கம் ஹோம்’. லாரி ஓட்டும் கணவன் விபத்தில் சிக்கி வேலையை இழக்கிறான். வாடகை வீடு போகிறது. வீடற்றோர் விடுதியில் கணவனுக்கு இடமில்லை, விதி அப்படி. கடைசியில் ரயில் நிலையத்தில் வைத்துக் கேத்தியின் பிள்ளைகளை அவள் கையிலிருந்து பிடுங்கிப் போகிறார்கள். 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். நாடே பேசியது. ஆனால் வீடில்லாத நிலை தீரவில்லை. நிலம் யார் கையில், கட்டுமானத் தொழில் யார் கையில் என்று படம் கேட்கவில்லை. லோச்சே பின்னாளில் அதைக் குறையாகச் சொன்னார். இரக்கம் எதுவரை போகும் என்பதற்கு அதுவே கணக்கு.

இரண்டாவது, 1969இன் ‘கெஸ்’. சுரங்கத் தொழிலாளியின் மகனான பாரி ஹைன்ஸின் நாவலிலிருந்து எடுத்தது. பள்ளி ‘உதவாதவன்’ என்று ஒதுக்கிய சிறுவன் பில்லி, ஒரு வல்லூறை வளர்த்துப் பழக்குகிறான். ஒருநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார் ஆசிரியர். பறவையின் காலில் கட்டும் வாரின் பெயரை அவனே கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறான். அன்று ஆசிரியரும் மாணவர். மொத்த வகுப்பும் வாயடைத்துக் கேட்கிறது. பேச்சு முழுக்க யார்க்ஷயர் வழக்கு. வெளிநாட்டாருக்குப் புரியாது என்று சில வசனங்களை மாற்றிப் பதிய வைத்தார்கள். சேரிமொழி இலக்கியத்துக்கு ஆகாது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

மூன்றாவது, 2016இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற ‘ஐ, டேனியல் பிளேக்’. நியூகாசிலில் 59 வயதுத் தச்சர், மாரடைப்பு வந்தவர். மருத்துவர் வேலைக்குப் போகாதே என்கிறார். அரசு மதிப்பீட்டில் மதிப்பெண் போதவில்லை, வேலை செய்யத் தகுதியானவர் என்று வருகிறது. மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் உதவித்தொகை வேண்டுமானால், செய்ய முடியாத வேலையைத் தேடியாக வேண்டும். விண்ணப்பமோ கணினியில், அவர் மவுஸைத் தொட்டதில்லை. இதில் தனி வில்லன் கிடையாது. விதிமுறையே அடிக்கிறது.

உணவு வங்கிக் காட்சியை மறக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடந்த கேட்டி, அங்கேயே ஒரு டின்னை உடைத்துக் கையால் அள்ளித் தின்கிறாள். உடனே வெட்கத்தில் உடைந்து போகிறாள். அக்காலத்தில் ட்ரஸ்ஸல் டிரஸ்ட் என்ற ஒரு தொண்டு அமைப்பு மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மூன்று நாள் உணவுப் பொதிகளை வழங்கியது. அப்படியானால் வெட்கப்பட வேண்டியவர் யார்?

மேல்முறையீட்டு நாளன்றே டேனியல் இறந்துவிடுகிறார். அங்கே படிக்க எழுதிவைத்திருந்ததை அவர் இறுதிச் சடங்கில் கேட்டி படிக்கிறாள். தான் யாருடைய வாடிக்கையாளனும் அல்ல, கையேந்துபவனும் அல்ல, ஒரு குடிமகன் என்பதுதான் அதன் சாரம். 1966இல் இல்லாத சொல் 2016இல் வந்துவிட்டது.

வர்க்கத்தைச் சாதிக்கு ஈடாக வைக்க நான் வரவில்லை. பில்லி ஊரை விட்டுப் போனால் யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் துருவ மாட்டார்கள். நம் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நம்மைப் பயனாளி என்றே எழுதும் பதிவேடுகளுக்கு எதிரில், குடிமகன் என்று நாமே எழுதிவைக்க வேண்டும். நம் எழுத்து அழவைப்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்த விதி, எவர் கையெழுத்து என்று கேட்கவைக்க வேண்டும்.

 ஜெய் பீம்.